புதுக்கருக்கு மங்காத குரூசரைச் சிங்கப்பூரில் விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய குரூசர் மோட்டார்சைக்கிளை ஆசையாக வாங்கி, ஓராண்டு முடிவதற்குள் விற்க வேண்டிய நிலைக்கு வருபவர்கள் இங்கே நிறையப் பேர். குழந்தை பிறக்கப்போகிறது, முதுகு ஒத்துழைக்கவில்லை, வேலை வெளிநாட்டுக்கு மாறுகிறது, புது வீட்டுச் சாவி கைக்கு வருகிறது. வார இறுதிச் சவாரிகளில் சேர்ந்து வரும் தமிழ் நண்பர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் இதுபற்றிக் கேட்டபடியே இருக்கிறார்கள். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். தொகைகள் எல்லாம் சிங்கப்பூர் வெள்ளி.

வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது, ஒரு கீறல்கூட இல்லை. கொடுத்த விலையையே கேட்கலாம்தானே அண்ணா?

கேட்கலாம், ஆனால் யாரும் கொடுக்க மாட்டார்கள். அதே பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறவருக்குப் வாகன உரிமைச் சான்றிதழான சிஓஇ பத்தாண்டுக்கும் முழுதாகக் கிடைக்கிறது. உத்தரவாதக் காலம் அன்றுதான் தொடங்குகிறது. நிறத்தை அவரே தேர்ந்தெடுக்கலாம். பேரம் பேசினால் தலைக்கவசமோ முதல் பராமரிப்போ இலவசமாகச் சேரும். உங்களிடம் வாங்க அவருக்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் விலைதான்.

அப்படியானால் விலையை எப்படிக் கணக்குப் போடுவது?

சிஓஇ 120 மாதங்களுக்குத்தான். எனவே இங்கே பெரிய வண்டியின் விலை என்பது பெரும்பாலும் காலத்தின் விலை. சாலைக்கு வரும்வரை உங்களுக்கு 48,000 வெள்ளி ஆகியிருந்தால் மாதத்துக்கு 400 வெள்ளி. எட்டு மாதத்தைக் கழித்தால் 44,800 வருகிறது. இதுதான் உச்சவரம்பு, இதற்கு மேல் போட்ட விளம்பரத்தை விவரம் தெரிந்தவர் திறந்துகூடப் பார்க்க மாட்டார்.

வாங்குபவரும் இதே வகுத்தலைத்தான் போடுகிறார். புதுசு மாதம் 400 என்றால், உங்களுடையது அதைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவில் குறைய வேண்டும். 41,000 என்று வைத்தால் மீதி 112 மாதங்களுக்கு மாதம் 366 வெள்ளி ஆகிறது. அப்போது அவர் எழுந்து வந்து பார்ப்பார். அதே மாடல், அதே ஆண்டு வண்டிகள் எஸ்ஜி பைக்மார்ட், கரோசல் ஆகிய விளம்பரத் தளங்களில் என்ன விலைக்குக் கிடக்கின்றன என்று பார்த்துவிட்டு, இந்த மாதக் கணக்கை அவற்றுக்கும் போட்டுப் பாருங்கள். வெறும் விலையை விலையோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

ஆறாயிரம் வெள்ளிக்குக் கூடுதல் பாகங்கள் போட்டிருக்கிறேன். அதைச் சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டாம். பக்கப் பைகள், முதுகுச் சாய்வு, காற்றுத் தடுப்பு ஆகியவை விற்பனையை வேகப்படுத்தும், விலையை அவ்வளவாக உயர்த்தாது. கழற்றக்கூடியவற்றைக் கழற்றித் தனியாக விற்றால் கூடுதலாகக் கிடைக்கும். அதற்கு வண்டியோடு வந்த மூலப் பாகங்கள் உங்களிடம் இருக்க வேண்டும்.

கார் வாங்கி விற்கும் என் மைத்துனர், "ஒன்றும் சரிப்படாவிட்டால் பதிவை ரத்து செய், அரசாங்கம் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்" என்கிறார். உண்மையா?

கார் வியாபாரியின் கணக்கு மோட்டார்சைக்கிளுக்குப் பொருந்தாது. கார்களுக்குக் கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் திட்டம் இருக்கிறது. மோட்டார்சைக்கிளுக்கு அது இல்லவே இல்லை. பயன்படுத்தாத மாதங்களுக்கான சிஓஇ தொகை மட்டும்தான் திரும்பும்.

பெரிய வண்டிக்கு இது ஏன் வலிக்கிறது என்பதைக் கணக்கில் பாருங்கள். இறக்குமதியின்போது சுங்கத்துறை நிர்ணயிக்கும் பொதுச் சந்தை மதிப்பு 20,000 வெள்ளி உள்ள ஒரு வண்டி. அதற்குச் சுங்கவரி 12 விழுக்காடு, அதாவது 2,400. இரண்டும் சேர்ந்த தொகைக்குப் பொருள், சேவை வரி 9 விழுக்காடு, அதாவது 2,016. கூடுதல் பதிவுக் கட்டணம் 2016 முதல் படிப்படியாக ஏறும் முறையில் இருக்கிறது: முதல் 5,000 வெள்ளிக்கு 15 விழுக்காடு, அடுத்த 5,000க்கு 50 விழுக்காடு, அதற்கு மேல் 100 விழுக்காடு. நம் வண்டிக்கு அது 13,250 வெள்ளி. சிஓஇ 9,000 என்று வைத்துக்கொண்டால், எட்டாம் மாதத்தில் பதிவை ரத்து செய்கிறவருக்குத் திரும்பக் கிடைப்பது 8,400 வெள்ளி. அந்த 13,250இல் ஒரு காசும் வராது. வண்டியின் உடம்பை ஏற்றுமதியாளரோ பாகங்கள் வாங்குபவரோ எடுத்துக்கொள்ளும் விலை தனி. நல்ல நிலையில் ஓடும் புது வண்டிக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம்.

சிஓஇ ஏறினால் என் வண்டியின் விலையும் ஏறுமா? காத்திருக்கட்டுமா?

ஏறும், இறங்கவும் செய்யும். 2022 இறுதியில் மோட்டார்சைக்கிள் சிஓஇ 13,000 வெள்ளியைத் தாண்டியது. அந்த உச்சத்தில் பதிவானவர்கள், பின்னர் அது இறங்கியபோது புது வண்டியோடு போட்டிபோட முடியாமல் திண்டாடினார்கள். சிஓஇ விலையை முடிவு செய்யும் ஏலம் மாதத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. முடிவைப் பார்த்துவிட்டு விளம்பர விலையைத் திருத்துவது சரி. ஆனால் ஏற்றத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தால், மேலே சொன்ன கணக்குப்படி ஒவ்வொரு மாதமும் 400 வெள்ளி கரைந்துகொண்டிருக்கும். அதை ஈடுகட்டும் அளவுக்குச் சிஓஇ ஏறும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

இவ்வளவு பெரிய வண்டியை யார்தான் வாங்குவார்கள்?

சிறு கூட்டம்தான். 400 சிசிக்கு மேற்பட்ட வண்டியை ஓட்ட இரண்டாம் வகுப்பு உரிமம் வேண்டும். 200 சிசி வரைக்குமான 2பி, பிறகு 400 சிசி வரைக்குமான 2ஏ, பிறகுதான் இரண்டாம் வகுப்பு. ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும். அதையெல்லாம் கடந்தவர்களிலும் எல்லாரும் குரூசர் பிரியர்கள் அல்லர். உயரமான சாகச வண்டி வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம், வேக வண்டிக்காரர்கள் இன்னொரு பக்கம்.

செலவும் சிலரை விலக்கிவிடும். 1,868 சிசி ஹார்லிக்குச் சாலை வரி ஆண்டுக்கு ஏறத்தாழ 650 வெள்ளி. 649 சிசி கவாசாகி வல்கனுக்கு 170 வெள்ளிக்குள் முடிந்துவிடும். எடையையும் மறக்கக் கூடாது. பிஎம்டபிள்யூ ஆர் 18 போன்ற வண்டி 345 கிலோ; வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பலமாடி நிறுத்துமிடத்தின் சரிவில் அதைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தவருக்குத்தான் அந்தக் கனம் தெரியும். ஆகவே ஒரு வாரத்தில் யாரும் அழைக்கவில்லை என்றால் பதற வேண்டாம்.

கடையில் கொடுத்துவிடுவதா, நானே விற்பதா?

மூன்று வழிகள் உள்ளன. கடைக்கு நேரடியாக விற்றால் ஒரே நாளில் முடியும், விலைதான் அடிபடும். கடையில் வைத்து விற்றுத் தரச் சொன்னால் தரகுத் தொகை போகும். வண்டி அங்கே நிற்கும் காலத்தில் அதற்குக் காப்புறுதி யார் பொறுப்பு, குறைந்தபட்ச விலை என்ன, எத்தனை வாரம் என்பதை எழுத்தில் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். நேரடியாக விற்றால் விலை நன்றாக வரும், அலைச்சலும் கேள்விகளும் உங்கள் தலையில். உபி, காக்கி புக்கிட் வட்டாரங்களில் இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு வைத்துக்கொண்டு, பிறகு நேரடியாக விற்க முயல்வதே என் பரிந்துரை. அடிமட்ட விலை கையில் இருந்தால் பேரத்தில் தடுமாற மாட்டீர்கள்.

விளம்பரத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

பதிவுத் தேதி, சிஓஇ முடியும் தேதி, ஓடிய கிலோமீட்டர், எத்தனை உரிமையாளர், கடன் உண்டா, உத்தரவாதம் எதுவரை, எங்கே பராமரிப்புச் செய்தீர்கள், ஏன் விற்கிறீர்கள். லாக் கார்டு என்று நாம் சொல்லும் வாகனப் பதிவு விவரத்தில் பொதுச் சந்தை மதிப்பு, கட்டிய சிஓஇ, கைமாறிய எண்ணிக்கை எல்லாம் இருக்கும். அதை வைத்துக்கொண்டே எழுதுங்கள். அதன் படத்தை அப்படியே வெளியிடாதீர்கள், அதில் உங்கள் சொந்த விவரங்களும் இருக்கின்றன.

விற்கும் காரணத்தை மறைக்க வேண்டாம். எட்டு மாதத்தில் விற்கிறார் என்றாலே விபத்தா, கோளாறா என்ற சந்தேகம்தான் முதலில் எழும். "இரட்டைக் குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள்" என்ற ஒரு வரி அந்தச் சந்தேகத்தைப் போக்கிவிடும்.

வந்து பார்ப்பவர் எதையெல்லாம் கவனிப்பார்?

விவரமானவர் முதலில் தொடுவது எஞ்சினைத்தான். அது சூடாக இருந்தால், வருவதற்கு முன் ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பார். ஆறிய எஞ்சினை அவர் முன்னால் கிளப்புங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு: வாரக்கணக்கில் நின்ற குரூசரின் பேட்டரி இறங்கியிருக்கும், பலமாடி நிறுத்துமிடத்தில் மின்னூட்ட வசதியும் இருக்காது. பொத்தானை அழுத்தியதும் "டக், டக்" என்ற சத்தம் மட்டும் வந்தால் நல்ல வண்டியின் விலையும் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். முந்தைய நாள் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இரவில் ஆற விடுங்கள்.

அடுத்துக் குனிந்து பார்ப்பார். கால்வைக்கும் பலகையின் அடிப்பக்கம் தேய்ந்திருந்தால் வளைவுகளில் உரசியிருக்கிறது என்று பொருள். தாழ்ந்த குரூசருக்கு அது இயல்பு, மறைக்க வேண்டியதில்லை. கிளட்ச் பிடியின் நுனியும் கைப்பிடி முனையும் தேய்ந்திருந்தால் வண்டி ஒருமுறை சாய்ந்து விழுந்திருக்கிறது. கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள். குரோம் சைலன்சரில் காலணி உருகி ஒட்டிய கறுப்புத் தடம் இருக்கிறதா, முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு உண்டா என்றும் பார்ப்பார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. எட்டு மாத வண்டியில் அதைவிடப் புதிய டயர் இருந்தால் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பார்.

பராமரிப்பு ரசீதுகளை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். ஹார்லிக்கு முதல் பராமரிப்பு 1,600 கிலோமீட்டரில் வருகிறது. எண்ணெய் மாற்றாமல் அதைத் தாண்டி ஓட்டியிருந்தால் உத்தரவாதம் பற்றிய கேள்வியும் கூடவே வரும்.

சைலன்சரை மாற்றிவிட்டேன். சத்தம் பிரமாதமாக இருக்கிறது. அப்படியே விற்கலாமா?

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி பெற்ற மாற்றமாக இருந்தால் அதற்கான தாளோடு விற்கலாம். அனுமதி இல்லையென்றால் மூலச் சைலன்சரை மாட்டிவிட்டு விற்பனைக்கு வையுங்கள். மோட்டார்சைக்கிள் மூன்றாண்டு ஆனதும் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். அங்கே தேறாத வண்டியை வாங்குபவர் தலையில் கட்டுவது நியாயமும் இல்லை. "மூலச் சைலன்சரைத் தூக்கிப் போட்டுவிட்டேன்" என்று சொல்பவர்கள் முதலில் அதைத் தேடி வாங்க வேண்டும். அந்தச் செலவை விலையில் சேர்க்கவும் முடியாது.

ஓட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்கிறார். சாவியைக் கொடுக்கலாமா?

உங்கள் காப்புறுதி ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலான மோட்டார்சைக்கிள் ஒப்பந்தங்கள் பெயர் குறிப்பிட்ட ஓட்டுநரை மட்டும்தான் காக்கின்றன. காப்புறுதி இல்லாமல் ஓட்டுவது குற்றம். ஓட்ட விடுவதும் அதே குற்றம். அபராதம் 1,000 வெள்ளி வரை, அல்லது மூன்று மாதம் வரை சிறை, அதோடு 12 மாதம் ஓட்டுநர் உரிமம் பறிபோகலாம். உரிமம் பறிபோவது வண்டியின் சொந்தக்காரரான உங்களுக்கும் நேரலாம். வந்தவர் நல்லவர், அனுபவசாலி என்பதெல்லாம் இந்தச் சட்டத்தின் முன் எடுபடாது.

எனவே கொடுக்காதீர்கள். அவரை வண்டிமேல் உட்கார வைத்து எடையைத் தாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள், எஞ்சினை ஓடவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பின்னிருக்கை இருந்தால் நீங்கள் ஓட்டி அவரைப் பின்னால் அழைத்துச் செல்லுங்கள். தன் பெயரில் தற்காலிகமாகக் காப்புறுதி எடுத்து வருகிறேன் என்று அவரே முன்வந்தால், ஆவணத்தைப் பார்த்துவிட்டு, அவர் உரிமத்தையும் சரிபார்த்துவிட்டு யோசிக்கலாம்.

கடன் இன்னும் நான்கு ஆண்டு இருக்கிறது. அதோடு விற்க முடியுமா?

முடியும், ஆனால் கடனை அடைத்து, நிதி நிறுவனம் வண்டிமீது வைத்திருக்கும் உரிமையை நீக்கிய பிறகுதான் பெயர் மாறும். முதல் வேலையாக இன்றைய தேதிக்கு எவ்வளவு கட்டினால் கடன் தீரும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். அந்த எண்ணைப் பார்த்துப் பலர் அதிர்ந்துபோகிறார்கள்.

காரணம், பல நிறுவனங்கள் 78 விதிப்படி கணக்கிடுகின்றன. வட்டியின் பெரும்பங்கை ஆரம்ப மாதங்களிலேயே எடுத்துக்கொள்ளும் முறை அது. 30,000 வெள்ளிக் கடன், ஐந்தாண்டு, வட்டி மொத்தம் 6,000 என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 600. பத்து மாதம் கட்டினால் 6,000 வெள்ளி போயிருக்கும். கடன் குறைந்திருப்பதோ ஏறத்தாழ 4,200தான். இன்னும் 25,800 அளவில் கட்ட வேண்டும், முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம் தனி. இந்தத் தொகை தெரியாமல் பேரம் பேச உட்காராதீர்கள். கையில் பணம் இல்லையென்றால், வாங்குபவர் கடன் தொகையை நேராக நிதி நிறுவனத்துக்கும் மீதியை உங்களுக்கும் செலுத்தலாம். இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்தால் இது சிக்கல் இல்லாமல் முடியும்.

பெயர் மாற்றத்துக்கு எங்கே போக வேண்டும்?

எங்கும் போக வேண்டியதில்லை. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் நீங்கள் அரசாங்க மின்னடையாளமான சிங்பாஸ் வழியாக நுழைந்து விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்துகிறீர்கள், வாங்குபவர் தம் சிங்பாஸ் வழியாக ஒப்புக்கொள்கிறார். அவர் பெயரில் காப்புறுதி முன்கூட்டியே நடப்புக்கு வந்திருக்க வேண்டும். இதை நினைவூட்டாவிட்டால் சனிக்கிழமை மாலை இருவரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரும்.

பணம் அனுப்பிவிட்டேன் என்று கைப்பேசியில் படம் காட்டுகிறார். நம்பலாமா?

உங்கள் வங்கிச் செயலியில் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், அவர் காட்டும் படத்தைப் பார்க்காதீர்கள். நாற்பதாயிரம் வெள்ளி அன்றாடப் பரிமாற்ற வரம்பைத் தாண்டக்கூடும் என்பதால், வரம்பை முன்பே உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். வங்கிக் கிளையிலேயே சந்திப்பது இன்னும் நல்லது. "சரிபார்க்க வேண்டும், இந்தச் சிங்பாஸ் குறியீட்டை வருடுங்கள்" என்று யாராவது அனுப்பினால் தொடாதீர்கள். சந்தேகம் வந்தால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799 இருக்கிறது.

"வண்டியை இன்று எடுத்துக்கொள்கிறேன், பெயரை அடுத்த வாரம் மாற்றலாம்" என்கிறார். சொந்தக்காரப் பையன்தான்.

சொந்தமானாலும் முடியாது என்று சொல்லுங்கள். பெயர் மாறும்வரை அந்த வண்டியின் ஒவ்வொரு குற்றப் பதிவும் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். யார் ஓட்டியது என்று காவல்துறைக்குச் சொல்ல வேண்டிய கடமையும் உங்களுடையது. விபத்து என்றால் காப்புறுதிச் சிக்கல் மேலே ஓட்டிப் பார்ப்பதைப் பற்றிச் சொன்னதேதான். பணம், பெயர், சாவி: இந்த வரிசை மாறக் கூடாது. முறையாகச் செய்தால் மூன்றும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

காப்புறுதி, சாலை வரி எல்லாம் என்ன ஆகும்?

மீதிச் சாலை வரி வண்டியோடு போகும். விலை பேசும்போதே அதைச் சொல்லுங்கள். காப்புறுதியைப் பெயர் மாறிய பிறகு ரத்து செய்து, திரும்பக் கிடைக்கும் தொகையைக் கேட்டுப் பெறுங்கள். இழப்பீடு கோராததற்கான தள்ளுபடி உங்களுடையது, அடுத்த வண்டிக்குப் பயன்படும். அதற்கான கடிதத்தை வாங்கி வையுங்கள். வீவக மாத நிறுத்தக் கட்டணத்தை நிறுத்துங்கள். மின்னியல் சாலைக் கட்டணக் கருவியில் உள்ள அட்டையை எடுத்துவிடுங்கள், கடன் அட்டையை இணைத்திருந்தால் அதையும் நீக்குங்கள். ஏலத்தில் எடுத்த பதிவு எண்ணை வைத்துக்கொள்ள விரும்பினால், பெயர் மாற்றத்துக்கு முன்பே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

வண்டி அப்பா பெயரில் இருக்கிறது, ஓட்டுவதும் தவணை கட்டுவதும் நான்தான். நான் விற்கலாமா?

அப்பாதான் விற்க வேண்டும். சிங்பாஸ் அவருடையது, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் அவருடையது, பணமும் அவர் கணக்குக்கு வருவதே சரி. வாங்குபவர் வரும்போது அப்பாவையும் அழைத்து வாருங்கள். பெயர் ஒருவர், பேசுபவர் வேறொருவர் என்றால் கவனமான ஆள் திரும்பிப் போய்விடுவார், அவர் போவதும் நியாயம்தான்.

வாங்கியவர் ஒரு மாதம் கழித்து எஞ்சினில் சத்தம் வருகிறது என்கிறார். பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த குறைபாட்டுப் பொருள் சட்டம் வணிகர் ஒருவர் பயனீட்டாளருக்கு விற்கும்போது பொருந்தும், தனியாளுக்குத் தனியாள் விற்றால் பொருந்தாது. அதற்காக எதையும் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். விபத்து நடந்திருந்தும் "விபத்தே இல்லை" என்று எழுதியிருந்தால் அது தவறான தகவல் தந்து விற்றது ஆகும். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை அவர் வழக்குப் போடலாம். விளம்பரத்தில் எழுதியதும் பேச்சில் சொன்னதும் ஒப்பந்தத் தாளில் இருப்பதும் ஒன்றாக இருக்கட்டும். தெரிந்த குறைகளை அதில் வரிசையாக எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

இங்கே விலை போகவில்லை என்றால் ஊருக்கே கொண்டுபோய்விடலாமா?

ஆசை புரிகிறது. பதிவை ரத்து செய்து ஏற்றுமதி செய்யலாம், ஒரு மாதத்துக்குள் அதற்கான சான்றை ஆணையத்திடம் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் கூடுதல் பதிவுக் கட்டணம் முழுவதும் போய்விடும் என்பதை மேலே பார்த்தோம். அந்தப் பக்கம் பழைய வாகன இறக்குமதி விதிகளும் தீர்வையும் காத்திருக்கின்றன, தீர்வை கடுமையானது. எண்களைத் தாளில் எழுதிப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் இந்த எண்ணத்தைக் கைவிட்டார்கள்.

ஆறு வாரம் ஆகிறது, வந்தவர்கள் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். என்ன செய்வது?

ஆள் வருகிறது என்றால் விளம்பரம் சரி, விலைதான் இடிக்கிறது. மாதக் கணக்கை இன்றைய தேதிக்கு மறுபடியும் போடுங்கள். ஆறு வாரத்தில் வண்டியின் காலம் குறைந்திருக்கிறது, விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும். நூறு இருநூறாக இறக்கினால் யார் கண்ணிலும் படாது. ஒரே முறையில் ஆயிரம் அல்லது ஆயிரத்து ஐந்நூறு குறைத்துப் புது விளம்பரமாகப் போடுங்கள். வந்து பார்த்துவிட்டுப் போனவர்களின் எண்கள் உங்களிடம் இருக்கும், முதலில் அவர்களை அழைத்துச் சொல்லுங்கள்.